கழுதைப்புலியின் உச்சஸ்தாயி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. டீச்சரைப் பார்த்துத்தான் அது கிளம்பியிருக்க வேண்டும். மாணவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். வளைவில் வைப்பரைப் போட்டுவிட்டு இண்டிகேட்டர் போட்டதாகச் சாதிப்பார்கள். ஒருவர் பின்னால் போகிறோம் என்று சொல்லி முன்னால் போய்ப் பூச்செடி விற்பவரின் தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார். அப்போதும் டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "பரவாயில்ல, மெதுவா, மெதுவா" என்றுதான் சொன்னாள். அவளுடைய ஊரறிந்த வசனம் அது.

ஊர் அறியாதது வேறு. ஒரு மாணவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் கிடைக்கும் நேரத்தில் டீச்சர் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கழுதைப்புலியின் பாட்டைப் போட்டு, அவனோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்துவாள். வெளியிலிருந்து பார்த்தால், காருக்குள் குளவி புகுந்துவிட்ட ஒரு பெண்மணி போல இருக்கும்.

கழுதைப்புலி ஒரு ராக் பாடகன். கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசிப்பான். சிரிப்பா, ஊளையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கத்தல் அவனுடைய முத்திரை. அவன் அறிமுகமான புதிதில் ஒரு விமர்சகர், "இந்த இளைஞர் பாடுவது கழுதைப்புலிக்குக் கோபம் வந்தது போல இருக்கிறது" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அவன் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டான். ரசிகர்கள் செல்லமாகப் 'புலி' என்பார்கள்.

டீச்சருக்கு அவன்மேல் கல்லூரிக் காலத்துப் பித்து. இப்போது அவனுக்கும் வயதாகிவிட்டது, அவளுக்கும் முழங்காலில் ஒரு சத்தம் வருகிறது. அவனுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டின் நடுவே வரும் அந்த நீண்ட உச்சக் கத்தலை அவன் சில வருடங்களாகப் பாடுவதே இல்லை. அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவான். கூட்டம் தனக்குத் தெரிந்த மாதிரி கத்திக்கொள்ளும். "அவர் நமக்கு விட்டுக்கொடுக்கிறாரு" என்று டீச்சர் சொல்வாள். "தொண்ட போயிடுச்சு" என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அவளுடைய ஊருக்கு அவன் ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த வருடம் வந்தான். டீச்சர் தனக்கும் கணவனுக்கும் டிக்கெட் வாங்கினாள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன், சாதுவான மனிதன். மனைவி வெட்கப்படும்படி நடந்துகொள்ளக் கூடாது என்று கூடத்தில் நின்று தலையாட்டிப் பழகினான்.

"இப்படியா?"

"கொஞ்சம் வேகமா. முடி பறக்கணும்."

"எனக்கு ஏது முடி?"

"இருக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க."

அவன் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு வீசு வீசினான். கழுத்து அப்படியே ஒரு பக்கம் நின்றுவிட்டது. மருத்துவர் கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டு, எப்படி ஆனது என்று கேட்டார். அவன், அலமாரியின் மேலிருந்து பெட்டி எடுத்தேன் என்று பொய் சொன்னான்.

இப்போது ஒரு டிக்கெட் மிஞ்சியது. மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கி வந்தார்.

கணவனின் அக்காவான அவர் இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை நடத்துகிறார். கறை, கசங்கல், தையல் விட்ட இடம் இந்த மூன்றையும் உலகில் எங்கே கண்டாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காலரைச் சரிசெய்ய மேடை ஏறியவர். துக்க வீட்டிலும் ஏதோ செய்தார் என்று ஒரு பேச்சு உண்டு, அது இங்கே வேண்டாம்.

"டிக்கெட் வீணாப் போகுதாமே" என்றார். "நான் வரேன்."

"அண்ணி, ரொம்பச் சத்தமா இருக்கும்."

"எங்க கடை மெஷின விடவா? வீணாக்குறது எனக்குப் பிடிக்காதும்மா. யாரு பாடுறது, அந்தக் கழுதையா?"

"கழுதைப்புலி, அண்ணி."

"அதான் சொன்னேன்."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள விரும்பினான். கழுத்து ஒத்துழைக்காததால் கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டான்.

கச்சேரி ஒரு திறந்த மைதானத்தில், மாலையில். டீச்சர் மதியமே போய் வரிசையில் நின்று, மேடைக்கு முன்னால் இருந்த இரும்புத் தடுப்பில் இடம் பிடித்தாள். கையை நீட்டினால் மேடையின் விளிம்பைத் தொட்டுவிடலாம். கனவில்கூட அவள் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. அவனிடம் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் என்ன சொல்வது என்பதை வருடக்கணக்கில் தயார் செய்து வைத்திருந்தாள். முதலில் நன்றி, பிறகு பரீட்சையில் தோற்ற வருடம் அந்த இரண்டாவது பாட்டு தன்னைக் காப்பாற்றிய கதை, கடைசியில் ஒரு சிறிய கேள்வி. எல்லாம் மனப்பாடம்.

சுற்றிலும் எல்லோரும் கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். நாத்தனார் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தார். அவர் மட்டும் வெளிர்நீலத்தில், மடிப்புக் கலையாமல், ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"தம்பி" என்று பக்கத்தில் நின்ற மலை போன்ற தாடிக்காரனைக் கூப்பிட்டார். "இத சுடுதண்ணில தொவைக்கிறியா?"

அவன் தன் மார்பில் இருந்த மண்டையோட்டைக் குனிந்து பார்த்தான். "ஆமா. ஏன்?"

"வெளுத்துப் போச்சு பாரு. பச்சத்தண்ணில, உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டுத் தொவைக்கணும். நிழல்ல காயப்போடு."

டீச்சருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் தாடிக்காரன் கோபப்படவில்லை. பிறந்ததிலிருந்து யாராவது இதைச் சொல்வார்களா என்று காத்திருந்தவன் போல, "ரத்தக் கறைக்கு என்னக்கா பண்றது?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். முதுகு நிறையக் கூர்முனைகள் பதித்த ஒரு பெண், தோல் ஜாக்கெட்டில் பூஞ்சை பிடித்ததைக் காட்டி ஆலோசனை கேட்டாள். பேசிப் பேசி நாத்தனாருக்குத் தொண்டை வறண்டது.

"ஒரு வாய் தண்ணி கிடைச்சா நல்லாருக்கும்மா."

தண்ணீர்க் கடை முன்பகுதியின் வாசலுக்கு வெளியே இருந்தது. கச்சேரி தொடங்க நேரம் இருந்தது. தவிர, கழுதைப்புலி தன் வாழ்நாளில் ஒரு கச்சேரியையும் சொன்ன நேரத்தில் தொடங்கியதில்லை. ஒருமுறை கூட்டம் பாதி கலைந்த பிறகுதான் மேடைக்கே வந்தான் என்பது அவனைப் பற்றிய பெருமைகளில் ஒன்று. அந்த நம்பிக்கையில் டீச்சர் போனாள்.

அன்றைக்குப் பார்த்து அவன் சொன்ன நேரத்தில் தொடங்கினான்.

அவள் தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கும்போது டிரம்ஸின் முதல் அடி விழுந்தது. தரை அதிர்ந்தது. ஓடினாள். முன்பகுதிக்குப் போகும் வழியைக் காவலர் ஒருவர் சங்கிலி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"உள்ள எடம் நெறஞ்சிடுச்சு மேடம். இங்கேருந்தே பாருங்க, பெரிய திரை இருக்கு."

"எனக்கு உள்ள எடம் இருக்கு. என் நாத்தனார் பிடிச்சு வச்சிருக்காங்க."

"எல்லாருக்கும் உள்ள யாராவது இருக்காங்க."

"முன்வரிசைங்க. தடுப்புகிட்ட."

"எல்லாரும் முன்வரிசைதான் சொல்றாங்க."

டீச்சர் கெஞ்சினாள், டிக்கெட்டைக் காட்டினாள், தான் எத்தனை வருட ரசிகை என்று சொன்னாள். காவலர் அனுதாபத்தோடு கேட்டார், ஆனால் சங்கிலி அசையவில்லை. வேறு வழியில்லாமல் தண்ணீர்க் கடை ஓரமாக நின்று, திரையைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒற்றையாளாகத் தலையாட்டினாள். கடைக்காரர் தன் பாட்டில்களைச் சற்று உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார்.

பாதிக் கச்சேரி ஓடியிருக்கும். அந்தப் புகழ்பெற்ற பாட்டு தொடங்கியது. டீச்சருக்கு அழுகை முட்டியது. திடீரென்று உள்ளே ஒரு பெரிய சிரிப்பலை எழுந்தது. கிட்டார் நின்றது. டிரம்ஸ் வாசிப்பவன் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தான். டீச்சர் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

மூன்று மாடி உயரத்துக்கு அவளுடைய நாத்தனாரின் முகம் தெரிந்தது. உதடுகளுக்கு நடுவே நாலைந்து ஊக்குகள்.

நடந்தது என்னவென்று தாடிக்காரன் பின்னால் விவரமாகச் சொன்னான். கழுதைப்புலி எகிறிக் குதித்துக் காலை அகட்டி இறங்கியபோது, அவனுடைய தோல் கால்சட்டையின் பின்புறம் வலது பக்கத் தையல் விட்டுவிட்டது. அவனுக்கு அது தெரியாது. கூட்டத்துக்குத் தெரிந்தது. அவன் திரும்பி நின்று வாசிக்கும்போதெல்லாம் கூட்டம் ஆரவாரம் செய்தது. தன் வாசிப்புக்குத்தான் இந்த வரவேற்பு என்று நினைத்து அவன் மேலும் மேலும் திரும்பி நின்றான். அவனுடைய குழுவினரும் சிரித்தார்களே தவிர ஒருவரும் சொல்லவில்லை. நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடையில் இஸ்திரி போடும் ஆளைக் கூப்பிடுவது போல ஒற்றை விரலை மடக்கிக் கூப்பிட்டார். பல ஆயிரம் பேர் முன்னால் யாருக்கும் அடங்காதவன் என்று பெயர் எடுத்த கழுதைப்புலி, ஏன் என்று கேட்காமல், பாடிக்கொண்டே மேடையின் விளிம்புக்கு வந்து மண்டியிட்டான். "திரும்பு" என்றார் நாத்தனார். திரும்பினான். கைப்பையிலிருந்து ஊக்குகள் வெளியே வந்தன.

வெளியே டீச்சர் காவலரின் கையைப் பிடித்தாள்.

"அதோ. அதுதான் என் நாத்தனார்."

காவலர் திரையைப் பார்த்தார். "அவங்களா? அவங்க அவரோட அம்மான்னு இப்பதான் வயர்லெஸ்ல சொன்னாங்க."

"அம்மா இல்லைங்க. என் வீட்டுக்காரரோட அக்கா. சலவைக்கடை வச்சிருக்காங்க."

"மேடம், அம்மாவா இல்லாம யாருங்க இப்படிச் செய்வாங்க?"

அவர் அந்தக் கேள்வியை முடிப்பதற்குள் அது கேட்டது.

அதுதான் அந்த உச்சக் கத்தல். பழைய இசைத்தட்டுகளில் மட்டுமே இருந்தது. இனிமேல் வராது என்று எல்லோரும் கைகழுவிவிட்டிருந்தார்கள். இசைத்தட்டில் இருந்ததைவிடவும் மேலே ஏறியது. ஏறி, அங்கே கொஞ்சம் நின்று, நடுங்கி, இன்னும் ஒரு படி போனது. தண்ணீர்க் கடை வரிசை அசையாமல் நின்றது. திரையில் இப்போது கழுதைப்புலியின் முகம் மட்டும் இருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. ஓரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். காவலர் தொப்பியைக் கழற்றினார். டீச்சர் தன் வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கேட்டபோது அவள் தண்ணீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

கூட்டம் வெறிபிடித்துக் கைதட்டியது. சற்று நேரத்தில் காவலரின் வயர்லெஸ் கரகரத்தது.

"முன்னால இருக்கிற அக்காவுக்குத் தண்ணி வேணுமாம். தண்ணி வாங்கப் போனவங்க வாசல்ல இருப்பாங்களாம். உடனே உள்ள அனுப்பு."

காவலர் டீச்சரையும் அவள் கையில் இருந்த பாட்டிலையும் பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார். "மொதல்லயே தண்ணின்னு சொல்லியிருக்கலாமே மேடம்."

தாடிக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டே வந்தான். "வழி விடுங்க, அக்காவுக்குத் தண்ணி" என்று அவன் சொல்லச் சொல்ல, மண்டையோடுகளும் கூர்முனைகளும் மரியாதையாக ஒதுங்கின. நாத்தனாருக்கு யாரோ ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

"எங்கம்மா போயிட்ட இவ்வளவு நேரம்?"

"அண்ணி, அவரு உங்ககிட்ட வந்தாரா? பேசினாரா? என்ன சொன்னாரு?"

நாத்தனார் புன்னகையோடு தலையசைத்து, பாட்டிலை வாங்கிப் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கத்தினப்ப எப்படி இருந்துச்சு அண்ணி?"

அதற்கும் தலையசைத்துப் புன்னகைத்தார்.

மிச்சமிருந்த பாட்டுகளை டீச்சர் முன்வரிசையில் நின்று கேட்டாள். அவனுடைய கட்டைவிரல் நகம் உடைந்திருப்பதும், காது மடலில் முடி முளைத்திருப்பதும்கூடத் தெரிந்தது. அவள் கத்தினாள், அழுதாள், முழங்காலை மறந்து குதித்தாள். குதித்து இறங்கும்போது தாடிக்காரனின் காலை மிதித்தாள், அவன் அதை ஒரு விருதாக ஏற்றுக்கொண்டான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கழுதைப்புலி மேடையிலிருந்து இறங்கி, தடுப்பு ஓரமாகக் கை கொடுத்துக்கொண்டே வந்தான். நாத்தனாரின் முன் நின்று, குனிந்து, அவருடைய காதில் ஏதோ சொன்னான். ஒரு வார்த்தை இல்லை, நீளமாகச் சொன்னான். நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். நாத்தனார் தலையசைத்துப் புன்னகைத்தார்.

பிறகு அவன் டீச்சரின் பக்கம் திரும்பினான். வேர்வை வழியும் அந்த முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள். நன்றி, பரீட்சை, கேள்வி மூன்றும் ஒன்றாக வாசலுக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான்.

கொடுத்தாள். அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான். புரையேறியது. இருமினான்.

"பரவாயில்ல, மெதுவா, மெதுவா" என்றாள் டீச்சர்.

அவன் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லிப் போய்விட்டான். அவ்வளவுதான். அவள் கழுதைப்புலியிடம் பேசியது அவ்வளவுதான்.

மைதானத்திலிருந்து வெளியே வந்த கார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நகர்ந்தன. இருட்டத் தொடங்கியிருந்தது. டீச்சர் ஓட்டினாள். அவளுக்கு யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டவர்மேலா, சங்கிலி போட்டவர்மேலா, சொன்ன நேரத்தில் தொடங்கியவன்மேலா. கடைசியில் கேட்டே விட்டாள்.

"அண்ணி, அவரு காதுல என்ன சொன்னாரு?"

நாத்தனார் புன்னகைத்துத் தலையசைத்தார்.

"அண்ணி."

நாத்தனார் திரும்பினார். இவள் வாய் அசைவதைப் பார்த்தார். "இரு, இரு" என்று சொல்லி, ஒரு காதிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குப் பஞ்சை உருவினார். பிறகு மறு காதிலிருந்தும். "நீ தண்ணிக்குப் போனதும் ஆரம்பிச்சிட்டானா, தாங்கல. பையில பஞ்சு இருந்துச்சு. இப்ப சொல்லு, என்ன கேட்ட?"

"அவரு உங்க காதுல என்ன சொன்னாருன்னு கேட்டேன்."

"ஓ, அவன் ஏதாவது சொன்னானா? நான் ஏதோ மூச்சு விடறான்னு நெனச்சேன்."

டீச்சர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கத்தல்? அது கூடவா கேக்கல? எத்தன வருஷம் கழிச்சு அந்த உச்சியத் தொட்டாரு தெரியுமா? ஊரே அழுதுச்சு அண்ணி."

"எப்பக் கத்தினான்?"

"நீங்க ஊக்கு மாட்டிட்டு இருந்தப்பதான்."

நாத்தனார் யோசித்தார். தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பார்த்தார்.

"கத்தினானா?" என்றார் மெதுவாக. "துள்ளினான். அது தெரியும். தோலு தடிமனா இருந்துச்சும்மா, கொஞ்சம் அழுத்திக் குத்த வேண்டியதாப் போச்சு. உள்ள எவ்வளவு தூரம் போச்சுன்னு எனக்குத் தெரியல."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. டீச்சரின் கார் நகரவில்லை. அவள் கிளட்சை விட்டதில் இன்ஜின் நின்றுவிட்டது. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவளுக்கு, நடுரோட்டில், பின்னால் இத்தனை ஹாரன் அலறும்போது, இப்படி நடந்ததே இல்லை. அவள் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று நாத்தனார் முதுகைத் தடவிக்கொடுத்தார். அழவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் இருந்த கார்க்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "புதுசா ஓட்டுறீங்களா?" என்று கேட்டார்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு வெளியானது. கழுதைப்புலி மீண்டு வந்துவிட்டான் என்று எங்கும் பேச்சு. டீச்சர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனாள். கணவனும் கழுத்துப் பட்டை இல்லாமல், ஆனால் பழக்கத்தில் நேராகவே பார்த்தபடி, கூட வந்தான். நாத்தனார் ஒரு வெள்ளைச் சட்டையின் கையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் விமர்சனத்தைப் படித்துக் காட்டினாள்.

"'அந்தக் குரல் அவருடைய ஆழத்தின் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது.'"

"ஏன் முடியாது?" என்றார் நாத்தனார். "வலது பக்கம்."

"வெளிய சொல்லிடாதீங்க அண்ணி. எங்க ஆளுங்க மனசு ஒடஞ்சிடும்."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆவி எழும்பியது. "அந்தக் கழுதை மறுபடி எப்ப வருதாம்?"

"கழுதைப்புலி, அண்ணி. அடுத்த வருஷம்னு சொல்றாங்க. எதுக்குக் கேக்குறீங்க?"

"இடது பக்கத் தையலும் விடற மாதிரிதான் இருந்துச்சு."